காரின் கம்ப்யூட்டரைக் கேட்காமல் அலாரம் மாட்டாதீர்கள்

சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலைக்குக் காரில் வருகிறவர்கள் தரிசனம் முடித்துத் திரும்பியதும் செய்யும் முதல் காரியம், நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு வெளியே நிற்பதுதான். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. பௌர்ணமி, தீப நாட்களில் ஊருக்குள் வண்டி விட முடியாது. செங்கம் சாலை, வேலூர் சாலை, திண்டிவனம் சாலை என்று எல்லா வழிகளிலும் தற்காலிக நிறுத்தங்கள் போடுவார்கள். பெரும்பாலும் மரநிழல் இல்லாத திடல்களும் அறுவடை முடிந்த வயல்களும்தான் அந்த நிறுத்தங்கள். வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளியைவிடச் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறும் என்றும், அந்தச் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும் என்றும் 2005-ல் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் அளந்து எழுதினார்கள். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதனால் கார் டெக்கார்ஸ் கடைகளில் இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு: "அண்ணே, வண்டிகிட்ட போறதுக்கு முன்னாடியே ரிமோட்ல ஸ்டார்ட் ஆகி ஏசி ஓடணும். அலாரமும் சேத்து மாட்டிக் குடுங்க." கேட்பது நியாயமான வசதிதான். கடைக்காரரும் "மாட்டிடலாம் சார்" என்பார். மாட்டவும் முடியும். ஆனால் இன்றைய காரில் இந்த இரண்டு வேலையும் காரின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்க வேண்டும். மாட்டுகிற பெட்டி அந்தக் கம்ப்யூட்டரின் அனுமதியோடு வேலை செய்கிறதா, அதை ஏமாற்றி வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்தே அது உங்களுக்குப் பாதுகாப்பா, ஆபத்தா என்பது முடிவாகும். இதைக் கடையில் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

1983-ல் வந்த மாருதி 800 போன்ற காரில் எல்லாம் நேர் வயர். கதவு ஓரத்தில் ஒரு பின் சுவிட்ச். கதவு திறந்தால் உள் விளக்கு எரியும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகும். அலாரம் மாட்டுகிறவர் கதவு வயரில் ஒரு ஜாயின்ட், செல்ஃப் வயரில் ஒரு ரிலே, ஹாரனில் ஒரு ஜாயின்ட் போட்டு வேலையை முடித்துவிடுவார். டெஸ்ட் லேம்பும் இன்சுலேஷன் டேப்பும் போதும். எதை வெட்டினோம், எதைச் சேர்த்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இன்று கதவைத் திறந்தால் அந்தத் தகவல் ஒரு செய்தியாகப் போகிறது. என்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவு, விளக்கு, ஹாரன், பூட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒன்று என்று ஒரு காருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. என்ஜின் கம்ப்யூட்டரை மெக்கானிக்குகள் இ.சி.எம். என்பார்கள். கதவு, விளக்கு சமாச்சாரங்களைப் பார்ப்பது பி.சி.எம். இவை எல்லாம் பேசிக்கொள்வது 'கேன்' என்ற முறையில். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த பொறியாளர் மாநாட்டில் அறிமுகப்படுத்திய முறை இது, 1993-ல் ஐ.எஸ்.ஓ. 11898 என்ற உலகத் தரமாயிற்று.

கேன் என்பது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். செய்தி போகும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். கிராமத்தில் தண்டோரா போடுவது போலத்தான் இதன் நடப்பு. ஒருவர் அறிவித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். யாருக்கு அது சம்பந்தமோ அவர்கள் காரியத்தில் இறங்குவார்கள். 'ஓட்டுநர் கதவு திறந்திருக்கிறது' என்று பி.சி.எம். அறிவித்தால் மீட்டர் போர்டு அந்தப் படத்தைக் காட்டும். மற்ற கம்ப்யூட்டர்கள் கண்டுகொள்ளாது. இந்த முறையில் பெரிய குறை ஒன்று உண்டு. தண்டோரா போட்டது யார் என்று கேன் வயரில் யாரும் கேட்பதில்லை. செய்தியில் அனுப்பியவரின் கையெழுத்து கிடையாது. இதை வடிவமைத்தவர்கள் காருக்குள் இருப்பவை எல்லாம் நம்பகமானவை என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குறை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது அலாரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நல்ல அலாரம் கேன் வயரைக் கேட்டுத்தான் வேலை செய்யும். கதவு, பானட், டிக்கி திறந்த செய்தியை அது தானே படித்துக்கொள்ளும். ஒவ்வொரு கதவுக்கும் வயர் இழுக்க வேண்டியதில்லை. கம்பெனிச் சாவியில் லாக் பட்டனை அமுக்கினால் அந்தச் செய்தியையும் அது கேட்டு, தானும் விழித்துக்கொள்ளும். இதற்கு அந்தக் கார் மாடலின் செய்தி எண்கள் பெட்டிக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு மாடலில் கதவுக்கு ஓர் எண் என்றால் இன்னொரு மாடலில் வேறு எண். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் மலிவான அலாரங்கள் கேன் பக்கமே போகாமல், பழைய பாணியில் வயரை வெட்டி ஒட்டித்தான் வேலை செய்கின்றன. பி.சி.எம். எதிர்பார்க்காத இடத்தில் கரண்ட் இழுத்தால் அது கோளாறு என்று பதிந்துகொள்ளும். முறுக்கிய வயரைப் பிரித்து மோசமான ஜாயின்ட் போட்டால் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டியரிங் விளக்குகள் ஒரே சமயத்தில் எரியும். அப்போது வண்டியை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால், ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள். வயரில் வெட்டு இருந்தால் எலக்ட்ரிக்கல் வாரண்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

கேன் வயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அதன் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரில் பார்த்தால் இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைச் செருகும் 16 பின் ஓ.பி.டி. கப்ளரில் 6-ம் பின்னும் 14-ம் பின்னும்தான் கேனின் இரு வயர்கள். பல கார்களில் அந்த இரண்டு பின்னுக்கும் நடுவே இதை அளந்துவிடலாம். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் இந்த அளவைக் காட்டும் எலக்ட்ரீஷியனை நம்பலாம்.

அலாரத்தில் உள்ளூர்ப் பிரச்சினை இரண்டு. முதலாவது ஓசை. பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் ஓசை விடியும்வரை ஓயாது. ஷாக் சென்சாரைக் கடையில் முழு உணர்வில் வைத்துக் கொடுத்தால், பக்கத்தில் பஸ் உறுமினாலே சைரன் அலறும். நூறு கார் நிற்கும் திடலில் பத்து கார் காரணமில்லாமல் அலறினால், நிஜமாகத் திருடப்படும் காரின் அலறலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சென்சாரைத் திருகிக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். கதவு, பானட் திறப்புக்கு மட்டும் முழு அலாரம், தட்டலுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை என்று பிரித்துவைக்கும் வசதி நல்ல அலாரங்களில் உண்டு. சைரனில் பல ராகம் வைத்து ஹாரனோடு இணைக்கும் கடைகளும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 119 பல தொனி ஹாரனைத் தடை செய்கிறது.

இரண்டாவது பேட்டரி, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். வண்டியை லாக் செய்துவிட்டுப் போன சில நிமிடங்களில் காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கிவிடும். அப்போது கார் இழுக்கும் கரண்ட் சில பத்து மில்லி ஆம்பியர்தான். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி பதினைந்து நாளில் பாதி இறங்கும், அதுவரை தாக்குப்பிடிக்கும். மோசமாக மாட்டிய பெட்டி கேன் வயரில் ஏதாவது ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்தால் இந்தக் கம்ப்யூட்டர்கள் தூங்கவே தூங்காது. அரை ஆம்பியர் இழுத்தாலே நாளுக்கு 12 ஆம்பியர்-மணி. மூன்றாம் நாள் செல்ஃப் அடிக்காது. பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் காரை நிறுத்திவைத்திருக்கிறவர்கள் "அலாரம் மாட்டினதுலேருந்து பேட்டரி நிக்கல" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன், லாக் செய்து அரை மணி கழித்து எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

இனி ரிமோட் ஸ்டார்ட். இங்கேதான் கம்ப்யூட்டர் காலைக் குறுக்கே நீட்டும். காரணம் இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சின்ன சிப் இருக்கிறது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயில் அதற்கு ரேடியோ அலையில் உயிர் கொடுத்து, ஒரு கேள்வி கேட்கும். சிப் சரியான பதில் சொன்னால்தான் இ.சி.எம். பெட்ரோலையும் பொறியையும் அனுமதிக்கும். வெறும் உலோகச் சாவியைப் போட்டுத் திருப்பினால் செல்ஃப் அடித்தாலும் வண்டி ஓடாது. 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கும், 2007 செப்டம்பரிலிருந்து கனடாவிலும் இது கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயம் இல்லாததால், ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அங்கே 2011 முதல் 2021 வரை விற்ற பல கார்கள் இம்மொபிலைசர் இல்லாமலே போயின. யு.எஸ்.பி. வயரின் முனையைக் கொண்டு அவற்றைத் திருடும் முறை சமூக ஊடகங்களில் பரவி, திருட்டு பெருகிப் பெரிய வழக்குகளில் முடிந்தது. ஒரு சின்ன சிப் எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

வெளியே வாங்கி மாட்டும் ரிமோட் ஸ்டார்ட்டில் சாவி காருக்குள் இல்லை. அப்படியானால் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, உங்களிடம் இருக்கும் இரண்டாவது சாவியை, அல்லது அதன் சிப்பை மட்டும் பிரித்தெடுத்து, டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் காயிலோடு இணைத்துவிடுவது. ரிமோட்டிலிருந்து கட்டளை வந்ததும் பெட்டி உள்ளேயிருக்கும் சாவியை 'எழுப்பும்'. கம்ப்யூட்டர் அசல் சாவி வந்துவிட்டது என்று நம்பிவிடும். இன்னொன்று, அந்தக் கேள்வி-பதிலை மென்பொருளாகவே செய்யும் டேட்டா மாட்யூல். கனடாவின் ஃபோர்ட்டின் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. பனிக்காலத்தில் என்ஜினைச் சூடேற்ற அங்கே இது அன்றாடத் தேவை. கனடாவின் ஸ்கார்பரோவில் வாழும் நம் ஈழத்துச் சொந்தங்களுக்கும் பழக்கமான பொருள். அப்படிப்பட்ட மாட்யூல்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவில் விற்கும் மாடல்களுக்கென்றே எழுதப்பட்டவை. அதே பெயருள்ள கார் இந்தியாவில் வேறு என்ஜினும் வேறு கம்ப்யூட்டரும் கொண்டு விற்கும். உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த கிட் இங்கே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். அதன் நெடுந்தூர ரிமோட் பெரும்பாலும் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும். அங்கே அதற்கு உரிமம் வேண்டாம், இங்கே அதில் ஒரு பகுதி செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்டது.

முதல் வழி இன்னும் மோசம். சாவியைக் காருக்குள்ளேயே பதுக்கிவைப்பது என்றால், அந்தப் பெட்டியைத் தேடிப் பிடிப்பவன் கையில் உங்கள் அசல் சாவி. இம்மொபிலைசர் இருந்தும் இல்லாதது போல. வண்டி திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அசல் சாவிகள் இரண்டையும்தான். ஒன்று காரோடு போய்விட்டது என்று சொன்னால், கவனக்குறைவு என்று க்ளெய்ம் இழுபடும், மறுக்கவும் படலாம். வசதிக்காக மாட்டிய பெட்டி, வண்டியையும் கொண்டுபோய், வண்டிக்கு வரவேண்டிய பணத்தையும் கொண்டுபோகும்.

கம்பெனியே தரும் ரிமோட் ஸ்டார்ட் இப்படி ஏமாற்றாது. 2019 மே மாதம் ஹூண்டாய் தன் வென்யூ காரை இந்தியாவில் வெளியிட்டபோது 'ப்ளூலிங்க்' என்ற செயலியைச் சேர்த்துக் கொடுத்தது. நம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் செய்த கார் அது. அதே ஆண்டு ஜூனில் எம்.ஜி. ஹெக்டரும் ஆகஸ்டில் கியா செல்டோஸும் இணையத்தோடு இணைந்த கார்களாக வந்தன. வென்யூவின் ஆட்டோமேட்டிக் வகையில் செல்போனிலிருந்தே என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம். செயலியில் அமுக்கும் கட்டளை முதலில் கம்பெனியின் சர்வருக்குப் போகும். அங்கே நீங்கள் யார் என்று சரிபார்த்து, காருக்குள் பதித்திருக்கும் சிம் வழியாகக் காரின் தகவல்தொடர்புக் கம்ப்யூட்டருக்கு வரும். அது உள்ளே மற்றவற்றிடம் கேட்கும். கியர் பார்க்கில் இருக்கிறதா? கதவுகளும் பானட்டும் மூடியிருக்கின்றனவா? வண்டி லாக் ஆகியிருக்கிறதா? பிரேக் மிதித்திருக்கிறார்களா? எல்லாம் சரி என்றால்தான் என்ஜின் ஓடும். சில நிமிடங்களுக்குள், பொதுவாகப் பத்து நிமிடத்தில், யாரும் வராவிட்டால் தானே அணைந்துவிடும். யாராவது கதவைத் திறந்து உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாலும், அசல் சாவி பக்கத்தில் இல்லையென்றால் ஓட்ட விடாது. கம்ப்யூட்டரின் அனுமதி என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இந்த வழியிலும் ஒரு தொல்லை உண்டு. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான போன்கள் ஒரே டவர்களை இழுத்துக்கொண்டிருக்கும்போது காரின் சிம்முக்குக் கட்டளை போய்ச் சேரத் தாமதமாகும், சேராமலும் போகலாம். ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி மறுபடி அமுக்காதீர்கள். நெட்வொர்க் திரும்பியதும் நீங்கள் எதிர்பாராத நேரத்தில் என்ஜின் ஓடத் தொடங்கலாம்.

மேனுவல் கியர் காருக்குத்தான் வெளி ரிமோட் ஸ்டார்ட் உண்மையில் ஆபத்து. நம் ஊரில் பெரும்பாலான கார்கள் மேனுவல். மேட்டிலோ சரிவிலோ நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோடு முதல் கியரிலும் போட்டு நிறுத்துவது நமக்குப் பழகிப்போன நல்ல வழக்கம். அப்படி நிற்கும் வண்டியில் ரிமோட்டில் செல்ஃப் அடித்தால், கிளட்ச் மிதிக்க ஆள் இல்லாததால் செல்ஃப் மோட்டாரே வண்டியை முன்னால் தள்ளும். என்ஜின் பிடித்துவிட்டால் ஆளில்லாமல் ஓடும். முன்னால் கிரிவலம் போகிறவர்கள் நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தடுக்கத்தான் பல கார்களில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி கிளட்ச் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ரிமோட் ஸ்டார்ட் மாட்டுகிறவர் என்ன செய்வார்? கிளட்ச் மிதித்ததாகக் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்ல, அந்த சுவிட்சின் வயரை ஷார்ட் செய்வார் அல்லது ஒரு ரிலே போடுவார். அந்த நிமிடத்தில் காரின் முக்கியமான காவல் ஒன்று போய்விடுகிறது. தரமான வெளிநாட்டு கிட்களில் மேனுவலுக்கென்று ஒரு முறை உண்டு. இறங்கும்போது நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்து, கதவை மூடி லாக் செய்த பிறகு பெட்டியே என்ஜினை அணைக்கும். அதன்பின் எந்தக் கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்யாது. கியரில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஆனால் திறந்த கண்ணாடி வழியாக ஒரு குழந்தை கையை விட்டுக் கியரைத் தள்ளிவிட்டால் அந்த அத்தாட்சியும் போய்விடும். சில கார் நிறுவனங்கள் மேனுவலிலும் ரிமோட் ஸ்டார்ட் தருகின்றன. அங்கே கியரின் நிலையையும் ஹேண்ட் பிரேக்கையும் காரே சோதிக்கும்; வெளியே வாங்கிய பெட்டியால் அதை ஊகிக்கத்தான் முடியும்.

சட்டமும் இங்கே பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 126-வது பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது ஆள் இல்லாதபோது வண்டி தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கின் பார்க் பூட்டையும் கம்ப்யூட்டரின் சோதனைகளையும் அந்த 'வேறு ஏற்பாடு' என்று வாதாடலாம். கிளட்ச் சுவிட்சை ஷார்ட் செய்த மேனுவல் காருக்கு அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு எச்சரிக்கை. அறுவடை முடிந்த வயலில், காய்ந்த தாளின்மேல் நிறுத்திய வண்டியைத் தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினுக்குக் கீழே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரிக்குச் சூடேறும். காய்ந்த புல் அதில் உரசினால் பற்றிக்கொள்ளும். ஷட்டர் போட்ட கார் ஷெட்டில் ஒருபோதும் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டோடு சேர்ந்த ஷெட் என்றால் புகை படுக்கையறைவரை வரும்.

கேன் வயரில் யார் பேசுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்று சொன்னேன். 2022-ல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 காரின் முன்விளக்கைப் பிடுங்கி, அதற்குப் பின்னால் ஓடும் கேன் வயரைப் பிடித்துத் திருடினார்கள். அந்தக் காருக்குச் சொந்தக்காரர் இயன் டேபர் கார்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர். திருடர்கள் பயன்படுத்திய கருவி போன்ற ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தால், ப்ளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் ஒளித்திருந்த ஒரு சின்ன பலகை. அசல் சாவி இருக்கிறது, கதவைத் திற என்ற பொய்ச் செய்தியை அது கேன் வயரில் போடும். அவரோடு இதை ஆராய்ந்த கென் டிண்டெல் 2023-ல் முழு விவரத்தையும் வெளியிட்டார். வெளியிலிருந்து எட்டும் இடத்தில் கேன் வயரை இழுத்து வைத்தால் இதுதான் நடக்கும். அலாரப் பெட்டிக்காக பானட்டுக்குக் கீழே கேன் வயரை நீட்டும் எலக்ட்ரீஷியனுக்கு இதைச் சொல்லுங்கள்.

செயலியோடு வரும் அலாரங்களிலும் ஓட்டை இருந்தது. 2019 மார்ச்சில் பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற ஆய்வுக் குழு, வைப்பர், பண்டோரா என்ற இரண்டு பெயர்பெற்ற ஸ்மார்ட் அலாரங்களின் சர்வரில் யார் வேண்டுமானாலும் பிறர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட முடியும் என்று காட்டியது. காரின் இடத்தைப் பார்க்கலாம், கதவைத் திறக்கலாம். ஒன்றில் ஓடும் என்ஜினையே நிறுத்தலாம். சுமார் 30 லட்சம் வண்டிகள் அந்த ஆபத்தில் இருந்தன. அந்த நிறுவனங்கள் விரைவாக ஓட்டையை அடைத்துவிட்டன. பெயர் தெரியாத கம்பெனியின் செயலியில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க யார் இருக்கிறார்கள் என்பதை வாங்கும்முன் யோசியுங்கள்.

அலாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாகன ஆய்வு அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியை மாட்டி, ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்று வாங்கினால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி தர நம் மோட்டார் இன்சூரன்ஸ் கட்டண விதியே இடம் கொடுத்தது. காசைவிட அந்த அங்கீகார எண்தான் முக்கியம். அது இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

கடையில் நின்று கேட்க வேண்டியவை சில. என் மாடலுக்கு என்று கம்பெனியே தரும் அலாரம் ஷோரூமில் கிடைக்குமா? வெளியே வாங்குவதென்றால் வயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் சேரும் ஹார்னஸ் இருக்கிறதா? லாக் செய்து அரை மணி கழித்து எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து காட்டுவீர்களா? ஆட்டோமேட்டிக் காரில் கம்பெனி ரிமோட் ஸ்டார்ட் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மேனுவல் காருக்கு, முன் கண்ணாடிக்கு ஒரு சன் ஷேடும், ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டியபின் ஏசியைப் போடுவதும் போதும்; உள்ளே தேங்கிய அனல் அதிலேயே வெளியேறிவிடும். கிளட்ச் வயரை ஷார்ட் பண்ணுகிறேன், இரண்டாவது சாவியை உள்ளே வைக்கிறேன் என்று சொல்லும் கடையில் உங்கள் வண்டியை விடாதீர்கள்.